நாலு வருடம் பாடம் நடத்தினால் மானியம், தவறினால் கடன்: டீச் கிராண்டில் கையெழுத்துப் போடலாமா?

4 ஜூன் 2025, வேலந்தாவளத்திலிருந்து ஒரு வாசகர்

மாஷே, என் அக்கா குடும்பம் நியூஜெர்சியில் இருக்கிறது. மகளுக்கு கிரீன் கார்டு உண்டு. இந்த வருடம் டீச்சர் ஆகும் படிப்பில் சேர்கிறாள். டீச் கிராண்ட் என்று, ஆசிரியர் படிப்புக்கு அமெரிக்க அரசு தரும் மானியம் ஒன்று, வருடத்துக்கு நாலாயிரம் டாலர் வரை கிடைக்குமாம். அக்கா "இனாமாக வருவதை விடுவானேன்" என்கிறாள். அத்தான் "பாண்டு இருக்கிறது, மாட்டிக்கொள்வாள்" என்கிறார். உங்கள் தம்பி மகள் இதை வாங்கிப் படித்தவள் என்று ஒரு தடவை எழுதியிருந்தீர்கள். வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வரியில் சொன்னால் போதும்.

4 ஜூன், இரவு

ஒரே வரியில் வராது. சித்தூரில் இருக்கும் ரிட்டயர்ட் வாத்தியார் நான், நீளமாகத்தான் எழுதுவேன்.

அக்காவிடம் முதலில் சொல்ல வேண்டியது, இது இனாம் இல்லை என்பது. வரும்போது மானியம். நிபந்தனை தவறினால் அதே பணம் அரசுக் கடனாக மாறும். மாறுகிற நாளிலிருந்து அல்ல, பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி போடுவார்கள்.

நிபந்தனை இதுதான். படிப்பை முடித்த பிறகு எட்டு வருடத்துக்குள் நாலு முழுக் கல்வியாண்டு, முழுநேர ஆசிரியராக வேலை பார்க்க வேண்டும். பள்ளி, ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளி என்று அரசுப் பட்டியலில் இருக்க வேண்டும். பாடம், ஆள் கிடைக்காத பாடமாக இருக்க வேண்டும். எடுக்கிற வகுப்புகளில் பாதிக்கு மேல் அந்தப் பாடத்தில் இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் அந்த வருடம் கணக்கில் சேராது.

கிரீன் கார்டு இருப்பதால் விண்ணப்பிக்கலாம். எச்-4 விசாவில், அதாவது அங்கே வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில், இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சே இல்லை. அந்த வகையில் கேள்வி கேட்க நினைத்திருந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

5 ஜூன்

காலையில் வந்து பார்த்தால் "மாஷ், மிரட்டாதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள்" என்று மூன்று பேர். சரி, கணக்கு.

சட்டம் 2007 இல் வந்தது, பணம் கொடுக்கத் தொடங்கியது 2008-09 கல்வியாண்டில். சட்டப்படி வருடத்துக்கு 4,000 டாலர். பட்ஜெட் வெட்டில் 5.7 சதவீதம் போய், இப்போது கையில் வருவது 3,772. நாலு வருடப் படிப்புக்கு 15,088 டாலர். நம் பணத்தில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல். ஒரு வருடக் காலேஜ் செலவுக்குக்கூட அங்கே இது பல இடங்களில் காணாது என்பது வேறு விஷயம்.

மார்க்கும் வேண்டும். சராசரி நாலுக்கு 3.25 குறையாமல் இருக்க வேண்டும், அல்லது நுழைவுத் தேர்வில் மேல் கால் பங்குக்குள் வந்திருக்க வேண்டும்.

இப்போது மறுபக்கம். படித்து முடித்தவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருடம் முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள். மிச்சம் இருக்கும் காலத்தில் நாலு வருடம் நடத்தி முடிக்க வழியில்லை என்றானதும் கடனாக்கிவிடுவார்கள். ஒரு நாள்கூடப் பாடம் நடத்தாதவளுக்கு அது படிப்பு முடிந்து நாலாவது வருடத்தில் வரும். அப்போது முதல் தவணைக்கு எட்டு வருட வட்டி, அடுத்ததற்கு ஏழு, அப்புறம் ஆறு, ஐந்து. 2025-26 க்கு வட்டி 6.39 சதவீதம். வருடா வருடம் விகிதம் மாறும், கணக்குக்காக இதையே நாலுக்கும் போட்டால் வட்டி மட்டும் சுமார் 6,270 டாலர். மொத்தம் 21,350 பக்கம்.

இதைவிட வயிற்றைக் கலக்குவது இன்னொன்று. மூன்று வருடம் ஒழுங்காக நடத்திவிட்டு நாலாவது வருடம் விட்டால், முக்கால்வாசி கழித்து மிச்சத்தை மட்டும் கேட்பார்கள் என்று நினைக்கிறோம் இல்லையா? கிடையாது. முழுவதும் கடன்தான்.

5 ஜூன், மாலை

"ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் நாலு வருடம் நடத்தினால் கழியுமா?" என்று கேட்டவருக்கு: கழியாது. முழுநேர வேலையாக இருக்க வேண்டும், பட்டியலில் உள்ள பள்ளியாக இருக்க வேண்டும். ஆனால் கேள்வியில் விஷயம் இருக்கிறது. பிற மொழி கற்பிப்பது அந்த ஆள் பற்றாக்குறைப் பாடங்களில் ஒன்று. கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி, வாசிப்புப் பயிற்சி, இருமொழிக் கல்வி ஆகியவையும் நிரந்தரமாக அதில் உண்டு. ஏதாவது ஒரு மாநில அரசுப் பள்ளி தமிழை முழுநேரப் பாடமாக வைத்து ஆள் எடுக்கும் காலம் வந்தால் எனக்கும் தெரிவியுங்கள். ரிட்டயர் ஆனவனை எடுப்பார்களா என்று விசாரிக்க வேண்டும்.

"கொழிஞ்சாம்பாறையில் வந்து நாலு வருடம் நடத்தினால்?" என்றவருக்கும் அதே பதில். நம் பள்ளிகள் அந்தப் பட்டியலில் இல்லை.

8 ஜூன்

தம்பி மகள் கதையை எழுதச் சொல்கிறார்கள். அவளிடம் கேட்டேன், பெயரும் ஊரும் வேண்டாம் என்றாள்.

கணிதம் படித்தவள். பட்டியலில் உள்ள பள்ளியில்தான் வேலை, அல்ஜீப்ராதான் பாடம். நிபந்தனையில் ஒரு குறையும் இல்லை. அந்தக் காலத்தில் வருடா வருடம் ஒரு படிவம் அனுப்ப வேண்டும்: நான் இன்ன பள்ளியில் இன்ன பாடம் நடத்துகிறேன் என்று எழுதி, பிரின்சிபால் கையெழுத்து வாங்கி. ஒரு வருடம் பிரின்சிபால் மாறினார், கோடை விடுமுறையில் புது ஆள் கையில் கிடைக்கவில்லை, படிவம் சில நாள் தாமதமாகப் போனது. கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது: மொத்த மானியமும் கடனாகிவிட்டது, திரும்ப மாற்ற முடியாது, இனி மாதத் தவணை. அவள் அப்போதும் அதே வகுப்பறையில் அதே பாடத்தை நடத்திக்கொண்டுதான் இருந்தாள்.

போன் செய்து அழுதாள். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு "மேலதிகாரிக்கு ஒரு பெட்டிஷன் போடு" என்றேன். நமக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே. அவள் போட்டதற்கெல்லாம் ஒரே பதில்: விதி இடம் கொடுக்காது.

இது அவளுக்கு மட்டும் நடந்ததாக நான் நினைத்திருந்தேன். அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2015 இல் கொடுத்த அறிக்கையில், மானியம் வாங்கிய 1,12,000 க்கும் மேற்பட்டவர்களில் சுமார் 36,000 பேருக்குக் கடனாக மாறியிருந்தது. எல்லாரும் படிவத்தால் விழுந்தவர்கள் அல்ல, வேறு வேலைக்குப் போனவர்களும் அதில் உண்டு. 2018 இல் என்பிஆர் வானொலி இந்தப் படிவக் கதைகளை வரிசையாக வெளியிட்டது. 2019 தொடக்கத்தில் கல்வித்துறை மறுபரிசீலனைக்கு வழி திறந்தது. என் தம்பி மகள் பழைய கையெழுத்துகளையெல்லாம் தேடி எடுத்து அனுப்பினாள், கடன் திரும்ப மானியமானது. இடையில் இருந்த மன உளைச்சலுக்கு எந்தப் படிவமும் இல்லை.

9 ஜூன்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு வேலந்தாவளம் வாசகர் "அப்படியானால் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்" என்கிறார். பொறுங்கள் ஐயா. அது பழைய கதை.

2021 ஜூலை 1 முதல் விதி மாறிவிட்டது. வருடாந்தப் படிவம் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக இனிமேல் கடனாக்க முடியாது. நாலு வருடத்தை முடிக்கக் காலம் மிச்சம் இருக்கும்வரை மானியம் மானியமாகவே இருக்கும். தவறாகக் கடனாக்கினால் திரும்ப மாற்றச் சொல்லலாம். நோய், பிரசவம், மேல்படிப்பு, ராணுவப் பணி போன்ற காரணங்களுக்கு எட்டு வருடக் கடிகாரத்தை நிறுத்தி வைக்கவும் கேட்கலாம். படிவத்தில் விழுகிற பயம் பெரும்பாலும் போய்விட்டது.

போகாதது ஆள் மனம் மாறுவது. பதினெட்டு வயதில் கையெழுத்துப் போடுகிறாள். முப்பது வயதில் எந்த ஊரில், எந்தப் பள்ளியில், யாரோடு இருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

9 ஜூன், இரவு

ஆந்திரத்து நகரி பக்கத்திலிருந்து ஒருவர், நான் எழுதிய "சித்தூர்" அவர்கள் சித்தூர் என்று நினைத்து, ஆந்திரக் கல்வித்துறையைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். நான் இருப்பது பாலக்காட்டுச் சித்தூர். இருந்தாலும் அவர் எழுதியது நன்றாக இருந்தது: அங்கே மாதம் 398 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த ஸ்பெஷல் டீச்சர்கள் ஒரு தலைமுறையே உண்டு, "398 டீச்சர்கள்" என்றே பெயர், அந்தக் காலத்தையும் இன்கிரிமென்டுக்குச் சேர்க்கச் சொல்லி நெடுங்காலம் போராடினார்கள். அவருடைய சித்தப்பா அதில் ஒருவராம். "எங்களுக்குப் படிக்கப் பணம் தரவில்லை, வேலை பார்க்கவும் தரவில்லை" என்று முடித்திருக்கிறார்.

12 ஜூன்

பாண்டு என்றாலே நம்மவர்களுக்கு டாக்டர்கள் ஞாபகம். அரசுக் கல்லூரியில் பிஜி படித்தால் இத்தனை வருடம் அரசு ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் இத்தனை லட்சம். அது செல்லுமா என்று போனார்கள், செல்லும் என்று 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆசிரியர் படிப்புக்கு நம்மிடம் அந்த அளவுக்குப் பணமும் இல்லை, பாண்டும் இல்லை. எய்டட் ஸ்கூலில் சேர மானேஜருக்கு நாம் கொடுக்கிற பணத்தை எண்ணிப் பார்த்தால் ஓட்டம் தலைகீழ். அங்கே அரசு ஆளுக்குப் பணம் கொடுத்துக் கட்டிப் போடுகிறது, இங்கே ஆள் பணம் கொடுத்துத் தன்னைத் தானே கட்டிக்கொள்கிறான்.

தனியார் பள்ளிகளில் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டுவது இன்னொரு வகைப் பாண்டு. எழுத்தில் ஒன்றும் இருக்காது. வருடத்தின் நடுவில் போகிறேன் என்றால் சாவி தொலைந்துவிடும். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும், விடுகிறேன்.

15 ஜூன்

ஒருவர் கேட்டிருந்தார்: "கட்டாயப்படுத்திக் கொண்டுபோய் விட்ட டீச்சர் ஒழுங்காகப் பாடம் நடத்துவாரா?" இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊரிலும் கட்டாயம் உண்டு, யாரும் அதைப் பாண்டு என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். கேரளத்தில் பிஎஸ்சி, அதாவது பப்ளிக் சர்வீஸ் கமிஷன், மாவட்ட வாரியாக எடுக்கும் வேலையில் சேர்ந்தால், ஐந்து வருடம் அந்த மாவட்டத்தில் தொடர்ந்து வேலை பார்த்த பிறகுதான் வேறு மாவட்டத்துக்கு டிரான்ஸ்பர் கேட்கலாம். தமிழ் மீடியம் எல்பி, யுபி (லோயர் பிரைமரி, அப்பர் பிரைமரி) ஆசிரியர் பணிகளுக்குத் தனி அறிவிப்பு வரும். எங்கள் காலத்தில் பாலக்காடு ரேங்க் லிஸ்ட் நகரவே இல்லை. நானும் என்னைப் போன்ற சிலரும் இடுக்கி லிஸ்டில் நுழைந்தோம். மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட் பள்ளி. பிள்ளைகள் எல்லாரும் லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், அப்பா அம்மா இரண்டு பேரும் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள், மழைக்காலத்தில் பாதி வகுப்பு ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பள்ளியில் இரண்டு வகை ஆசிரியர்களைப் பார்த்தேன். ஒரு வகை, வெள்ளிக்கிழமை மதியமே பஸ் நேரத்தைப் பார்க்கிறவர்கள். ஐந்து வருடம் என்றைக்கு முடியும் என்று காலண்டரில் குறித்து வைத்திருப்பார்கள், முடிந்த வாரத்தில் விண்ணப்பம் போய்விடும். பாடம் மோசமாக நடத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே நடத்தியவர்கள் உண்டு. ஆனால் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளியை விட்டு நின்றால், ஏன் நின்றான் என்று லயத்துக்குப் போய்க் கேட்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

இன்னொரு வகை, ஐந்து வருடம் கழிந்தும் போகாதவர்கள். நானும் கொஞ்ச காலம் அந்த வகையில் இருந்தேன். கொள்கை ஒன்றும் இல்லை. குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒழுகாத கூரை, பக்கத்தில் தண்ணீர், கீழ்வீட்டில் தமிழ் பேசும் டிரைவர் குடும்பம். மனைவியும் வந்துவிட்டாள். சனிக்கிழமை பிள்ளைகள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வருவார்கள். மகன் பெரிய பள்ளிக்குப் போகும் வயது வந்த பிறகுதான் பாலக்காட்டுக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே கேட்டவருக்கு என் பதில்: ஐந்து வருட விதி இல்லையென்றால் நான் அந்த மலைக்கே ஏறியிருக்க மாட்டேன். விதி மட்டும் இருந்திருந்தால் அது முடிந்த மறுநாள் இறங்கியிருப்பேன். அமெரிக்கக்காரன் போட்ட நாலு வருடமும் ஆளைப் பள்ளி வாசலில் கொண்டுவந்து விடும். அதற்கப்புறம் அந்தப் பள்ளிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் இருக்கிறது.

16 ஜூன்

"பரம்பிக்குளத்துக்கு இது மாதிரி ஒரு ஸ்காலர்ஷிப் போட்டால் டீச்சர் போவாரா?" என்று முதலமடைக்காரர் ஒருவர். கேரளத்து ஊர், ஆனால் ரோடு பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றித்தான் உள்ளே போகும். ஸ்காலர்ஷிப்போடு ஒரு ஜீப்பும் கொடுத்தால் நானே விண்ணப்பிப்பேன்.

ஆனால் விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னால், காட்டுக்குள் போய் நடத்தியவர்களை நாம் நடத்திய விதம் தெரியுமல்லவா? கேரளத்தில் ஏகாத்யாபக வித்யாலயம் என்று ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. ஆற்றைக் கடந்து, மலை ஏறி, ஒரே ஆளாக நாலு வகுப்பையும் நடத்தியவர்கள். எந்தப் பாண்டும் அவர்களைக் கட்டவில்லை, இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர்கள் உண்டு. 2022 இல் அந்தப் பள்ளிகளை மூடினார்கள். அதில் பலருக்கு மாற்று வேலையாகக் கிடைத்தது பள்ளிகளில் துப்புரவுப் பணி. நேற்றுவரை டீச்சர் என்று கூப்பிடப்பட்டவர் இன்று துடைப்பத்தோடு நிற்கும் படம் பேப்பரில் வந்தது. சேவைக்கு நிபந்தனை போடுகிற அரசு, நிபந்தனை இல்லாமல் சேவை செய்தவருக்கு என்ன பொறுப்பு ஏற்கும் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டாமா?

21 ஜூன்

அத்தானே நேரில் வந்துவிட்டார், அதாவது இங்கே எழுதியிருக்கிறார். எலிமென்டரி டீச்சர் ஆகத்தான் மகளுக்கு ஆசையாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அவ்வளவு பிடிக்குமாம்.

இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். முழு விஷயமும் இதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லாப் பாடத்தையும் நடத்தும் சாதாரண எலிமென்டரி வகுப்பாசிரியர் வேலை, நிரந்தரப் பாடப் பட்டியலில் இல்லை. அந்த மாநிலம் வருடாந்தப் பற்றாக்குறைப் பட்டியலில் எலிமென்டரியையும் சேர்த்திருந்தால் மட்டும் அது செல்லும். அதனால் ஏழைப் பள்ளியில், முழுநேரமாக, உயிரைக் கொடுத்து நாலு வருடம் நடத்தியும் ஒரு வருடம்கூடக் கணக்கில் வராமல் போக வாய்ப்பு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள்தான் வேண்டும் என்றால் சிறப்புக் கல்வி, வாசிப்புப் பயிற்சி, இருமொழிக் கல்வி இவற்றில் ஒன்றைச் சேர்த்துப் படித்து, அந்த வேலையிலேயே சேர வேண்டும். அது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். பதினைந்தாயிரம் டாலருக்காகச் சிறப்புக் கல்விக்குப் போகிறவளை அந்தப் பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பள்ளிப் பட்டியல் பற்றியும் பயப்படுகிறார். சேர்ந்து ஒரு வருடம் முடித்த பிறகு பள்ளி பட்டியலிலிருந்து விழுந்தாலும், அதே பள்ளியில் தொடர்ந்தால் அடுத்த வருடங்களும் செல்லும். சேருகிற வருடம் பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டும் வேலை ஏற்கும் முன் பார்க்க வேண்டும். "எங்கள் ஸ்கூலில் எல்லாரும் ஏழைதான்" என்று பிரின்சிபால் வாயால் சொன்னது போதாது.

3 ஜூலை

முதல் வருடம் வாங்காமல் விடலாமா என்று அக்கா கேட்கிறாராம். தாராளமாக. ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஒவ்வொரு வருடமும் வேண்டாம் என்றும் சொல்லலாம். நான் அவள் பெரியப்பாவாக இருந்தால் முதல் இரண்டு வருடம் தொடச் சொல்ல மாட்டேன். மூன்றாம் வருடத்தில் டீச்சர் ஆவது உறுதி, பாடம் உறுதி என்றான பிறகு மிச்ச இரண்டு வருடத்துக்கு வாங்கட்டும். 7,544 டாலர் வரும். குறைந்த பணத்துக்கும் அதே நாலு வருட வேலைதான் என்று அத்தான் சொல்வார், உண்மைதான். ஆனால் மனம் மாறினால் திரும்பக் கட்டுவதும் அதற்கேற்பக் குறைவு.

என் தம்பி மகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு முதல் வருடமே தெரியும் பெரியப்பா, எல்லாருக்கும் உங்களைப் போல லேட்டாகவா தெரியும்" என்கிறாள். அவள் எட்டாம் வகுப்பிலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னவள். அவளை வைத்து மற்றவர்களுக்குக் கணக்குப் போட முடியாது.

19 ஜூலை

வேலந்தாவளம் வாசகர் எழுதியிருக்கிறார்: இந்த வருடம் வாங்கவில்லை, சிறப்புக் கல்வியில் இரண்டு பேப்பர் எடுத்துப் பார்க்கப் போகிறாளாம், பிடித்தால் அடுத்த வருடம் யோசிப்பார்களாம். அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த வருடம் வாங்கினால் ஒன்று. படிவ விதி தளர்ந்துவிட்டது என்று அசட்டையாக இருக்க வேண்டாம். ஒவ்வொரு கல்வியாண்டும் பள்ளி மூடுவதற்கு முன்பே பிரின்சிபால் கையெழுத்தை வாங்கி, ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் மின்னஞ்சலில். தம்பி மகளைக் காப்பாற்றியது அவள் டிராயரில் கிடந்த பழைய நகல்கள்தான். அத்தானிடம் சொன்னால் லாமினேட்டே செய்து வைப்பார்.